பிஸ்கற் பெட்டியிற் கிடந்த ஏடுகள்

உரும்பிராய்ச் சந்தியிலிருந்து சற்றுத் தூரத்தில், செம்மண் தோட்டங்களை அடுத்திருக்கும் ஒரு வீட்டுக்குச் சென்ற மாதம் நாம் அழைக்கப்பட்டிருந்தோம். அழைத்தவர் எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மையார். அவருடைய கணவர் ஊரிற் பலருக்குப் பாடஞ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். அவர் காலமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எம்மைக் கதிரையில் இருத்தித் தேநீர் தந்தபின், அம்மையார் ஒரு பிஸ்கற் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். உள்ளே ஊசியும் நூலும் இருக்குமென்றே எண்ணினோம். இருந்தவை ஒன்பது நெகிழ்வட்டுக்கள்.

“தம்பி, இதுக்குள்ளைதான் அவர் எழுதினதெல்லாம் கிடக்குது. இதைப் போட்டுப் பாக்க இப்ப ஒரு மிசினும் இல்லையெண்டு பேரன் சொல்லுறான். நீங்கள் எப்பிடியும் எடுத்துத் தரவேணும்” என்றார்.

நெகிழ்வட்டு இன்னதென்பதை இக்கால மாணவர்களுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். கணினியிலே எழுதியதைச் சேமிக்கும் பொத்தானில் ஒரு சிறு சதுரம் வரையப்பட்டிருக்கிறதல்லவா? அது இதன் படமே. மூன்றரை அங்குல அகலமான பிளாஸ்ரிக் உறை. அதனுள்ளே காந்தப்பொடி பூசிய மெல்லிய வட்டத்தாள். அதன் ஒவ்வொரு பக்கத்திலும் 80 தடங்கள். தடத்துக்கு 18 துண்டுகள். துண்டொன்றுக்கு 512 பைற்றுக்கள். எல்லாம் கூட்டினால் 1.44 மெகாபைற்று என்று வழங்கப்படும் அளவு வரும். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படமே பெரும்பாலும் அதிற் கொள்ளாது. ஆயினும் ஓர் ஆசிரியரின் ஆயுட்கால நினைவுகள் ஒன்பது வட்டுக்களில் அடங்கிவிட்டன; எழுத்துக்கு இடம் மிகச் சிறிதே வேண்டும்.

அவர் எழுதியது என்ன? 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதுமே தென்மராட்சியை நோக்கி நடந்ததை நாம் விரிக்க வேண்டியதில்லை. அடுத்த ஆண்டு அவர்கள் திரும்பி வந்தபோது வீடு இருந்தது. காகிதப் பெட்டகம் இல்லை. உறுதிகளின் பிரதிகளைக் காணிப் பதிவகத்திற் பெறலாம். ஆனால் கிணற்றில் எந்தக் கிழமை யாருக்கு இறைப்பு முறை, எந்த வாய்க்கால் யார் வளவின் ஊடாகப் போகலாம், எந்தத் துண்டுக்கு முன்னோர் என்ன பெயரிட்டனர் என்பவற்றையெல்லாம் எந்தப் பதிவகமும் வைத்திருப்பதில்லை. ஆசிரியர் 1997இல் இலண்டனிலிருந்த மகனிடம் சென்றபோது, அந்த வீட்டிலே ஒதுக்கி வைத்திருந்த பழைய கணினியில் இவற்றை ஞாபகத்திலிருந்து எழுதத் தொடங்கினார். 2002இல் ஏ-9 பாதை திறந்த பின் ஊர் திரும்பியபோது கணினியையும் பெட்டியிலிட்டுக் கொண்டுவந்தார். அது இன்றும் அந்த வீட்டின் பின்னறையில், நெல்லு மூட்டைக்குப் பக்கத்திற் கிடக்கிறது.

நாம் செய்த பிழையை முதலிற் சொல்லிவிடுகிறோம். மூன்றரை அங்குல வட்டை வாசிக்கும் சிறு கருவிகள் யூ.எஸ்.பி. இணைப்புடன் இன்றும் வாங்கக் கிடைக்கின்றன. அப்படி ஒன்று எம்மிடம் இருந்தது. ‘இதென்ன பெரிய காரியம்’ என்ற எண்ணத்தோடு, மேலே கிடந்த வட்டை எடுத்து உள்ளே தள்ளினோம். கரகரவென்று ஒரு சத்தம் எழுந்தது. வெளியே எடுத்து உலோக மூடியை நகர்த்திப் பார்த்தால், பூஞ்சணம் படிந்த தாளின்மேல் வட்டமாக ஒரு கீறல்! மாரி ஈரம் ஏறிய வட்டைத் துடையாமல் இடக்கூடாதென்று பிறருக்கு எத்தனை முறை சொல்லியிருப்போம்! அது ஒன்பது என்று இலக்கமிட்ட வட்டு. அம்மையாருக்கு அன்று அதைச் சொல்ல எமக்கு நா எழவில்லை.

மற்ற எட்டையும் பொறுமையாகவே கையாண்டோம். மூடியை நகர்த்தி, ஐசோபுரொப்பைல் அற்ககோலில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் தொட்டு, நடுவிலுள்ள உலோகக் குமிழை விரலாற் சுழற்றிச் சுழற்றித் துடைத்து, உலரவிட்டோம். மூலையிலுள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தி அதன் சாளரத்தைத் திறந்துவிட்டால் வட்டில் எதுவும் தவறி எழுதப்படாது; அதையும் செய்தோம். எட்டில் நான்கு உடனே வாசித்தன. மற்ற நான்கும் சுத்தமாக இருந்தும் வாய் திறக்கவில்லை.

காரணம் விசித்திரமானது. எழுதிய கருவியின் தலை மயிரிழை விலகியிருந்தால், அது தடங்களையும் அவ்வாறே விலக்கி எழுதிவிடும். தான் எழுதியதைத் தானே வாசிக்கும். மற்றக் கருவி திகைக்கும். ஆகவே பின்னறையிற் கிடந்த பழைய கணினியையே எழுப்பவேண்டியதாயிற்று.

அதைத் திறந்தபோது, தாய்ப்பலகையில் ஒட்டியிருந்த சிறு பற்றரி கசிந்து பச்சை பூத்திருந்தது. அக்காலக் கணினிகளுக்கு இது பொதுவான வியாதி. பற்றரியை வெட்டி நீக்கி, கசிந்தது காரமாதலால் வினாகிரி தொட்டுக் கழுவி, இரண்டு நாள் உலரவைத்தோம். பற்றரி இல்லாத கணினிக்குத் தன் வன்தட்டு எத்தகையது என்பதே மறந்துவிடும். வன்தட்டின்மேல் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து மூன்று எண்களை நாமே ஊட்டினோம். பின்னர் விண்டோஸ் 3.1 திரையில் வந்து நின்றது. பேரன் கைதட்டினான், அம்மையார் கைகூப்பினார்.

நிற்க. பழைய கணினி வாசித்ததைப் புதிய கணினிக்கு எப்படிக் கொண்டுசெல்வது? பழையதில் யூ.எஸ்.பி. துவாரம் இல்லை; இணையமும் இல்லை. வன்தட்டைக் கழற்றி ஓர் இணைப்பியில் மாட்டினோம். அவ்வளவு பழைய தட்டை அந்த இணைப்பி அறிந்துகொள்ளவில்லை. எஞ்சியது கம்பி வழி. பழைய கணினிகளின் பின்புறத்தில் ஒன்பது முள்ளுள்ள தொடர்த்துவாரம் ஒன்று இருக்கும். பேசும் முள்ளும் கேட்கும் முள்ளும் குறுக்காக இணைந்த வடமொன்றை இரு கணினிகளுக்குமிடையிற் பூட்டினால், ஒன்றின் வாய் மற்றதன் காதோடு சேர்ந்துவிடும்.

இலங்கைக்கு இது புதுமையன்று. கொழும்பில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், தமது ‘2010’ என்னும் நாவலைப் படமாக்கிய பீற்றர் ஹயம்சுடன் 1983இல் இவ்வாறுதான் கலந்துரையாடினார். இங்கே ஒரு கேய்ப்ரோ கணினி, அமெரிக்காவில் இன்னொன்று, நடுவே தொலைபேசிக் கம்பி! அக்கடிதங்கள் பின்னர் நூலாகவும் வந்தன. கடல்களைத் தாண்டி அவர்கள் செய்ததை, ஒரே மேசையில் ஒரு முழ இடைவெளியைத் தாண்ட நாம் செய்தோம்.

கம்பியில் ஓர் எழுத்து சிதைந்தால் என்ன செய்வது? அதற்கெனவே கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1981இல் ‘கேர்மிற்’ என்னும் ஒழுங்குமுறையை வகுத்தார்கள். புகையிலைக் கட்டுக்களை லொறியில் ஏற்றும்போது ஒருவர் எண்ணிச் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்லி ஏற்றுவாரல்லவா? அதைப் போன்றதே இது. அனுப்புங் கணினி எழுத்துக்களைச் சிறு கட்டுக்களாக்கி, ஒவ்வொரு கட்டின் கூட்டுத்தொகையையும் கூடவே அனுப்பும். வாங்குங் கணினி தானும் கூட்டிப் பார்த்து, ஒவ்வாவிடில் அக்கட்டை மீண்டும் கேட்கும். விண்டோஸ் 3.1இல் ‘டேர்மினல்’ என்று ஒரு செயலி முதலிலிருந்தே இருந்தது. அது கேர்மிற்றை அறியும். அது மாத்திரம் இல்லாதிருந்தால் எமது பாடு திண்டாட்டந்தான். வினாடிக்கு 960 எழுத்துக்கள் வீதம் நெகிழ்வட்டொன்றின் முழுக் கொள்ளளவும் கடக்க 25 நிமிடத்துக்கு மேலாகும். தேநீர் இரண்டு முறை வந்தது.

புதிய கணினியில் முதற் கோப்பைத் திறந்தோம். அம்மையார் கண்ணாடியை அணிந்து கிட்ட வந்தார். திரையில் ஒரு தமிழெழுத்தும் இல்லை. முற்றும் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கள்! “இது அவற்றை எழுத்தில்லை” என்று அவர் சொன்ன குரலை நாம் மறக்கமாட்டோம்.

தமிழருக்கே உரிய தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. ஆசிரியர் பயன்படுத்தியது ஈழத்தவர் பலரும் அறிந்த ‘பாமினி’ எழுத்துரு. அது கணினிக்குத் தமிழைக் கற்பிக்கவில்லை. ஆங்கில எழுத்துக்களுக்குத் தமிழ் உருவை உடுத்திவிட்டது, அவ்வளவுதான். ‘தமிழ்’ என்று அடித்தால், கோப்பினுள்ளே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே பதிந்திருக்கும். உடையைக் களைந்தால் ஆங்கிலக் குப்பை. பாமினியைப் புதிய கணினியில் நிறுவினால் எழுத்துத் தெரியுமென்பது மெய்யே. ஆனால் பேரன் தன் கைத்தொலைபேசியில் வாசிக்க முடியாது. ஒரு சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது. தமிழுக்கு உலகப் பொதுக் குறிகளைக் கொடுத்த யுனிகோட் 1991இலேயே வந்துவிட்டபோதிலும், வீட்டுக் கணினிகளில் அது இடம்பிடிக்கப் பல ஆண்டுகள் சென்றன. அந்த இடைக்காலத்தில் எழுதப்பட்ட தமிழ், உலகெங்கும் இப்படி உடை களைந்து கிடக்கிறது.

பாமினியை யுனிகோடாக மாற்றும் செயலிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுத்துக்கு எழுத்து மாற்றினாற் போதாது என்பதை மாணவர்கள் கவனிக்கவேண்டும். ‘கெ’ என்பதில் கொம்பை முன்னே அடித்துக் ககரத்தைப் பின்னே அடிப்பது பாமினி முறை. யுனிகோடிலோ மெய்யே முன், உயிர்க்குறி பின். மாற்றி இடமும் மாற்றவேண்டும். இன்னொரு வேடிக்கையும் நிகழ்ந்தது. உறுதி இலக்கங்களின் முன் ஆசிரியர் ஆங்கிலத்தில் என், ஓ என்று சுருக்கமாக எழுதியிருந்தார். மாற்றி அதையும் தமிழென்று எண்ணி, இடந்தோறும் ‘ழே’ என்று எழுதி வைத்தது! அவற்றைக் கையாற் திருத்த ஒரு மாலை பிடித்தது.

எட்டு வட்டுக்களும் இவ்வாறு தேறின. ஒன்பதாவதில் எமது கீறல். கிணறும் இறைப்பு முறையும் பற்றிய அதிகாரம் அதிலேதான் இருந்தது. நடுவிலே ஏறக்குறைய இரண்டு பக்கங்கள் போய்விட்டன. பழைய கணினியின் வன்தட்டில் அதே அதிகாரம் வேறொரு பெயரிற் கிடந்ததைப் பேரன் கண்டுபிடித்தான். பெரும் ஆறுதல்; ஆனால் ஒப்பிட்டபோது புதுச் சிக்கல். வீட்டாரின் இறைப்பு நாள் வட்டில் புதன், வன்தட்டில் செவ்வாய். எது பிந்தியது? கோப்பில் திகதி பதிந்திருக்குமே என்று பார்த்தால், இரண்டிலும் 1980 சனவரி 1! பற்றரி செத்த கணினிக்கு நாள் தெரியாது. அது தன் காலக்கணக்கின் முதல் நாளையே எழுதிவிடும். ஆசிரியர் எழுதிய காலத்திலேயே அந்தப் பற்றரி ஓய்ந்திருக்கிறது.

அப்போது எமக்குச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களின் நினைவு வந்தது. 1832 முதல் 1901 வரை வாழ்ந்த அப்பெரியார், எமது வலிகாமத்துக் கிராமத்திற் பிறந்து, செல்லரித்த ஏடுகளைத் தேடிப் பெற்று, ஒன்றோடொன்று ஒப்பிட்டு அச்சேற்றியவர். 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தவர். எடுக்கும்போதே உதிரும் ஏட்டைக் கண்டு அவர் வருந்தினார். ஏடாவது கண்ணுக்குத் தெரியும்படி உதிர்ந்தது. எமது வட்டு பார்வைக்குப் புதிதாகவே இருக்கிறது.

இரண்டு பாடங்களையும் அம்மையாருக்கு வாசித்துக் காட்டினோம். அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. “செவ்வாய் முறை எங்கடை மாமான்ரை காலத்திலை. பிறகு பக்கத்து வளவுக்காரர் கேட்டு மாத்தினது. இவர் முதல்லை பழசை எழுதிப்போட்டு, பிறகு என்னட்டைக் கேட்டுத் திருத்தினவர்” என்றார். வன்தட்டிலுள்ளது முந்தியதென்பது இவ்வாறு துணியப்பட்டது. போன இரண்டு பக்கங்களை அதிலிருந்தே நிரப்பி, அப்பகுதி மாத்திரம் பழைய பாடமென்று அடைப்புக்குறியிட்டோம். அப்போதுதான் எமது பிழையையும் அவரிடம் சொன்னோம். “ஒண்டு போனாப் போகட்டும் தம்பி” என்று சொல்லிவிட்டார்.

முழுவதும் இப்போது மூன்று இடங்களிற் பிரதியாக உள்ளது: வீட்டில் ஒன்று, இலண்டனில் மகனிடம் ஒன்று, எம்மிடம் ஒன்று. 2005 முதல் இயங்கும் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கலாமே என்று கேட்டோம். அயலவரின் பங்குகளும் அதில் எழுதப்பட்டிருப்பதால், அவர்களையும் கேட்டே முடிவு செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

விடைபெறும்போது பேரன் தன் தொலைபேசியிலே பாட்டனாரின் முதல் அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருந்தான். அம்மையார் எம்மைப் படலை வரை வந்து வழியனுப்பினார்.

“தம்பி, எல்லாத்தையும் ஒருக்கால் கடதாசியிலையும் அடிச்சுத் தாங்கோ. எழுத்துக் கொஞ்சம் பெரிசா இருக்கட்டும்.”