கணவரிடம் கேட்காத கேள்வி

குழந்தை வரம் வேண்டிக் கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர் வரும் தம்பதிகள் ஏராளம். அதே தம்பதி மருத்துவர்களான நம்மிடம் வரும்போது ஸ்கேன், ஹார்மோன், கருக்குழாய்ப் பரிசோதனை எல்லாம் முதலில் மனைவிக்குத்தான். கணவரின் சீட்டில் தொழில்: விவசாயம் என்று எழுதியதோடு விசாரணை முடிந்துவிடுகிறது. ஆத்தூர் கொடிக்காலிலும் ஏரல், ஸ்ரீவைகுண்டம் வாழைத் தோட்டங்களிலும் உழைப்பவரைப் பற்றி அந்த ஒரு சொல் எதையும் சொல்வதில்லை.

வாழைக் கன்று நடும்போது கார்போபியூரான் குருணை, தண்டில் கூன்வண்டு விழுந்தால் மோனோகுரோட்டோபாஸ் ஊசி. இவை வாழை விவசாயத்தில் நெடுங்காலம் பழகிய முறைகள். முதலாவது கார்பமேட், இரண்டாவது ஆர்கனோபாஸ்பேட். இந்த இரு வகைப் பூச்சிமருந்துகளோடு புழங்கும் ஆண்களுக்கு விந்தணுச் செறிவு குறைவாக இருப்பதை, நான்கு கண்டங்களின் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த 2023ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு காட்டியது.

இது புதிய சந்தேகமும் அல்ல. வாழை வேரைத் தாக்கும் நூற்புழுவுக்கான டிபிசிபி என்ற மருந்தைத் தயாரித்த கலிபோர்னியா ஆலையில், தங்களுக்குக் குழந்தை பிறக்காததைத் தொழிலாளர்களே பேசிக் கண்டுபிடித்தார்கள். 1977இல் பரிசோதித்தபோது பலருக்கு விந்தணுவே இல்லை. மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் அதே பாதிப்புக்கு ஆளானார்கள். நமக்குப் பக்கத்து மாநிலத்தில் காசர்கோடு பத்ரே கிராமம் இருக்கிறது. முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்த அந்த ஊரின் 117 சிறுவர்களிடம் பருவ வளர்ச்சி தாமதப்பட்டிருப்பதை, 2003இல் வெளியான அகமதாபாத் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு பதிவு செய்தது.

மருந்து அடிப்பவரை ஒருமுறை அருகே நின்று பாருங்கள். முதுகில் தொங்கும் டேங்கின் மூடி கசிகிறது. சட்டை நனைந்து, முதுகு வழியே இறங்கி, சாரத்தின் இடுப்பு மடிப்பில் ஊறுகிறது. அதே ஈரத்தோடு மதியம் வரை வேலை. முன்கைத் தோல் உறிஞ்சுவதைவிடப் பத்து மடங்குக்கும் மேலாக விதைப்பைத் தோல் பாரத்தியான் என்ற பூச்சிமருந்தை உறிஞ்சுவதை 1971லேயே அளந்துவிட்டார்கள். கையுறையும் முகக்கவசமும் பற்றித்தான் நாம் அறிவுரை சொல்கிறோம். நனைந்த சாரத்தை யாரும் பேசுவதில்லை. என் பார்வையில் இதுவே பெரிய ஓட்டை.

விந்தணு எண்ணிக்கை குறைந்த ஒரு அறிக்கையை வைத்துக்கொண்டு மருந்தின் மேல் பழி போட முடியாது. வெரிகோசீல், புகை, மது, பழைய தொற்று எல்லாவற்றையும் பார்த்தாக வேண்டும். ஆனால் கேட்காமல் விட்டால் எதையும் பிரித்தறிய முடியாது. “கடைசியா எப்ப மருந்து அடிச்சிய அண்ணாச்சி? என்ன மருந்து? துணிய எப்ப மாத்துனிய?” இரண்டு நிமிடம் போதும். பெயர் தெரியாவிட்டால் பாட்டிலின் லேபிளைப் போனில் படமெடுத்து வரச் சொல்லலாம்.

விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆகின்றன. விந்தகத்துக்கு வெளியே முதிர இன்னும் சில நாட்கள். ஆகவே இன்றைய அறிக்கை கடந்த மூன்று மாதத்தின் கணக்கு. தெளிக்கும் வேலையை மட்டும் மூன்று மாதம் வேறொருவரிடம் விடாமல் இயந்திரத்துக்கோ மருந்தில்லா முறைக்கோ மாற்ற முடியுமா என்று தோட்டக்காரரிடம் பேசுங்கள். அதன்பின் மாதிரியை மறுபடி எடுங்கள். மனைவியை லேப்ராஸ்கோப்பிக்கு அனுப்பும் சீட்டில் கையெழுத்திடுவது அந்த இரண்டாவது அறிக்கை வந்த பிறகு இருக்கட்டும்.