பறைக்கு ஏ.சி. ஹால் எதற்கு? ஆர்.கே.பேட்டைக்கு வரட்டும் போட்டி!

பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பறைப் போட்டி, பேண்டு போட்டி என்று பேச்சு எடுத்தால் போதும். முதல் கேள்வி என்ன வரும் தெரியுமா? "ஹால் எங்கே காலியாக இருக்கு?" இரண்டாவது கேள்வி: "வி.ஐ.பி. கார் வந்து நிற்க வசதி இருக்கா?" மூன்றாவது: "ஏ.சி. வேலை செய்யுதா?"

பறை எங்கே நன்றாகக் கேட்கும், அடிக்கிற பிள்ளை எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கேட்பவர் யாருமில்லை!

கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்க்கிறோம். வீடு கட்ட மனை பார்க்கிறோம். மேளத்துக்கு மட்டும் இடம் பார்க்க வேண்டாமா?

நெருப்பு கேட்கும் பறை

பறையைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். தோல் பறையை எடுத்தவுடன் அடிக்க முடியாது. வைக்கோலோ சருகோ போட்டுக் கொளுத்தி, அந்தச் சூட்டில் தோலைக் காட்ட வேண்டும். "பறை காய்ச்சுவது" என்பார்கள். சூடு ஏறினால் தோல் விறைக்கும். அடிக்குச்சி பட்டதும் 'கணீர்' என்று பேசும். சூடு இறங்கினால் தோல் தொய்ந்து போகும். அப்புறம் என்னதான் ஓங்கி அடித்தாலும் 'தொப்பு தொப்பு' என்றுதான் கேட்கும்.

இப்போது சொல்லுங்கள். ஏ.சி. ஹாலுக்குள் எங்கே போய் வைக்கோல் கொளுத்துவது? கொளுத்தினால் தீயணைப்பு மணி அடிக்கும்! வாசலில் காய்ச்சி எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினால், பெயர் கூப்பிடும் வரை அரை மணி நேரம் குளிர்காற்றில் உட்கார வேண்டும். அதற்குள் தோல் இறங்கிவிடும். பிள்ளையின் மார்க்கும் சேர்ந்து இறங்கும்.

"இப்போது பிளாஸ்டிக் தோல் போட்ட பறை வந்துவிட்டதே, அதற்குச் சூடு வேண்டாமே" என்று சிலர் சொல்கிறார்கள். உண்மைதான். மழைக்கும் குளிருக்கும் அது தாங்கும். ஆனால் தோல் பறையின் குரல் அதற்கு வராது. ஹாலின் வசதிக்காகப் பறையின் குரலையே மாற்றச் சொல்வது என்ன நியாயம்?

இன்னொன்றும் உண்டு. தகரக்கூரை போட்ட உள்அரங்கத்தில் பத்துப் பேர் சேர்ந்து பறை அடித்தால் எதிரொலி திரும்பி வந்து அடுத்த அடியோடு மோதும். எது அடி, எது எதிரொலி என்று நடுவருக்கே தெரியாது. அதற்காக ரொம்பப் பெரிய ஸ்டேடியமும் உதவாது. சத்தம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் ஓடும். 100 மீட்டர் தள்ளி நிற்பவர் காதுக்கு ஒரு அடி போய்ச் சேர ஏறத்தாழ கால் வினாடிக்கு மேல் ஆகும். வேகமான அடவில் அதற்குள் அடுத்த அடி விழுந்துவிடும்! தாளம் பிசகியது மாதிரி கேட்கும். பிசகியது பிள்ளையா, மைதானமா?

ஆகவே பறைக்கு வேண்டியது அளவான திறந்த மைதானம். நாலு பக்கமும் ஜனம் உட்கார வேண்டும். ஓரமாகப் பறை காய்ச்ச ஒரு இடம் வேண்டும். அவ்வளவுதான்.

அமெரிக்காக்காரன் என்ன செய்தான்?

வெளிநாட்டு உதாரணம் சொன்னால்தான் சிலருக்கு நம்பிக்கை வரும். சொல்கிறேன்.

அமெரிக்காவில் 'ட்ரம் கார்ப்ஸ்' என்று ஒரு பெரிய கலை. பித்தளை ஊதுகுழல்களும் முரசுகளுமாக வாலிபப் பிள்ளைகள் மைதானத்தில் அணிவகுத்து வாசிப்பார்கள். அவர்களுடைய 'ட்ரம் கார்ப்ஸ் இன்டர்நேஷனல்' அமைப்பு தன் முதல் சாம்பியன்ஷிப்பை 1972ல் எங்கே நடத்தியது? நியூயார்க்கிலா? சிகாகோவிலா? இல்லை! விஸ்கான்சின் மாநிலத்தில் ஒயிட்வாட்டர் என்ற சின்னக் கல்லூரி ஊரில்!

அதற்குப் பிறகு போட்டி ஊர் ஊராகப் போனது. 1975, 76ல் பிலடெல்பியா. 1977, 78ல் டென்வர். 1979, 80ல் பர்மிங்காம். 1981, 82ல் எல்லை தாண்டிக் கனடாவின் மாண்ட்ரியல். ஒவ்வொரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் ஒரு வாய்ப்பு, ஒவ்வொரு பக்கத்து ஜனங்களுக்கும் ஒரு திருவிழா.

2009லிருந்து இண்டியானாபோலிஸ் நகரத்தில் கூரை மூடித் திறக்கிற பெரிய ஸ்டேடியத்தில் நடத்துகிறார்கள். அதில் லாபமும் உண்டு. ஓட்டல், பஸ், டிக்கெட் எல்லாம் ஒருமுறை பழகிவிட்டால் அடுத்த வருஷம் தலைவலி இல்லை. ஆனால் அங்கேயும் எதிரொலி பற்றி ரசிகர்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். இன்னொரு வேடிக்கை: 2008லேயே அந்த ஸ்டேடியத்தில் நடத்தத் திட்டமிட்டார்கள். கட்டிட வேலை முடியவில்லை. கடைசியில் கை கொடுத்தது எது? பக்கத்தில் ப்ளூமிங்டன் என்ற ஊரில் இருந்த பல்கலைக்கழக மைதானம்தான்! பெரிய ஸ்டேடியம் கை விட்டாலும் கல்லூரி மைதானம் கை விடாது.

டில்லிக்கு மட்டுமா?

நம் நாட்டுக்கு வருவோம். மத்தியக் கல்வி அமைச்சகமும் பாதுகாப்பு அமைச்சகமும் சேர்ந்து பள்ளிகளுக்குத் தேசிய பேண்டு போட்டி நடத்துகின்றன. மாநிலம், மண்டலம் என்று ஜெயித்து வருகிற 16 அணிகள் குடியரசு தின நேரத்தில் டில்லியில் மோதுகின்றன. 2025 ஜனவரியில் மேஜர் தியான்சந்த் தேசிய ஸ்டேடியத்தில் நடந்தது. நல்ல காரியம். பாராட்ட வேண்டும்.

ஆனால் அதில் பிராஸ் பேண்டு, பைப் பேண்டு இரண்டுக்குத்தான் இடம். பறைக்கு இடமில்லை. பம்பைக்கும் இல்லை. இந்த நாட்டுத் தோல்கருவி எதற்கும் தனிப் பிரிவு இல்லை. ஸ்காட்லாந்துக்காரனின் பைக்கு இருக்கிற மரியாதை நம் ஊர்ப் பறைக்கு இல்லையா?

கிராமத்துப் பிள்ளைகளால் முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். 2025 குடியரசு தின அணிவகுப்பில் ஜனாதிபதி முன்னால் பைப் பேண்டு வாசித்தவர்கள் யார்? ஜார்க்கண்டில் பட்டம்டா என்ற ஊரின் கஸ்தூரிபா காந்தி பள்ளி மாணவிகள்! பட்டணத்துக் கான்வென்டுப் பிள்ளைகள் அல்ல. வாத்தியமும் வாத்தியாரும் கிடைத்தால் எந்த ஊர்ப் பிள்ளையும் வாசிக்கும்.

பறைக்கும் காலம் திரும்பியிருக்கிறது. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். தமிழக அரசு 2022லிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போட்டி. ஜெயித்தவர்களுக்குக் கலையரசன், கலையரசி பட்டம். கிராமியக் கலைகளுக்கும் அதில் இடமுண்டு. சந்தோஷம்!

என் கேள்வி ஒன்றுதான். தோல்கருவிப் போட்டியின் மாவட்டச் சுற்றை ஏன் ஆர்.கே.பேட்டையில் நடத்தக்கூடாது?

ஆர்.கே.பேட்டையா? அது எங்கே?

இப்படிக் கேட்பவர்களுக்காக: ராமகிருஷ்ணராஜுப்பேட்டை என்பதுதான் ஆர்.கே.பேட்டை. திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குக் கோடி. இந்தப் பக்கம் திருத்தணி, அந்தப் பக்கம் சோளிங்கர், மேலே பள்ளிப்பட்டு. அதைத் தாண்டினால் ஆந்திரா. தறி ஓடுகிற ஊர். தெருவில் நடந்தால் 'தடக் தடக்' என்று தறிச்சத்தமே தாளமாகக் கேட்கும்.

இந்த வட்டாரம் லேசில் தமிழ்நாட்டுக்கு வந்துவிடவில்லை. ம.பொ.சி. வடக்கெல்லைப் போராட்டம் நடத்தி, 1960 ஏப்ரல் 1ல்தான் திருத்தணிப் பகுதி நம்மோடு சேர்ந்தது. போராடி வாங்கிய மண்ணை எல்லையோரம் என்று ஒதுக்கி வைத்தால் அப்புறம் எதற்கு வாங்கினோம்?

மாவட்டப் போட்டி ஆவடியிலோ பூந்தமல்லியிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.கே.பேட்டைப் பிள்ளை என்ன செய்யும்? விடியற்காலை எழுந்து, தோளில் பறையை மாட்டி, பஸ் பிடித்துத் திருத்தணி வரணும். அங்கிருந்து அரக்கோணம் வழி மின்சார ரயில். ஆபீஸ் போகிற கூட்டம். தினமும் அந்த ரயிலில் தொங்கிக்கொண்டு வருகிற வாசகர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. டிபன் பாக்சுக்கே இடமில்லாத இடத்தில் பத்துப் பறையை எங்கே வைப்பது? இறங்கும்போது பிள்ளையும் வாடியிருக்கும், தோலும் வாடியிருக்கும். பக்கத்துத் தெருவிலிருந்து காரில் வந்து இறங்கிய பிள்ளையோடு அது போட்டி போடணும். இது போட்டியா சார்?

தாங்குமா ஊர்?

"சின்ன ஊராச்சே, தங்க இடம் ஏது, சாப்பாடு ஏது?" என்பார்கள். நியாயமான கேள்வி. பதிலும் பக்கத்திலேயே இருக்கிறது.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்கு வருகிற ஜனம் எவ்வளவு? லட்சக்கணக்கில்! காவடியும் பம்பையும் உடுக்கையுமாக மலையே அதிரும். ஸ்பெஷல் பஸ், ஸ்பெஷல் ரயில் விடுகிறார்கள். குடிதண்ணீர், போலீஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் நடக்கிறது. டிசம்பர் 31 ராத்திரி படித் திருவிழாவுக்கும் அப்படித்தான். முருகனுக்கு லட்சம் பேரைத் தாங்குகிற வட்டாரம், சில நூறு பிள்ளைகளைத் தாங்காதா? திருத்தணியில் தங்க வைத்து, காலையில் ஆர்.கே.பேட்டைக்கு பஸ்சில் கூட்டி வந்தால் தீர்ந்தது விஷயம்.

2022ல் செஸ் ஒலிம்பியாட் ரஷ்யாவில் நடக்க வேண்டியது. உக்ரைன் சண்டையால் அங்கிருந்து எடுத்தார்கள். நாலைந்து மாதத்தில் மாமல்லபுரத்தில் உலகமே மெச்சும்படி நடத்திக் காட்டினோம். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டை சென்னை, மதுரை, திருச்சி, கோவை என்று நாலு ஊருக்குப் பிரித்துக் கொடுத்தோம். மனசு வைத்தால் எந்த ஊரும் தாங்கும்.

கும்மிடிப்பூண்டிக்காரர் கோபிக்க வேண்டாம்

"ஆர்.கே.பேட்டையில் வைத்தால் கும்மிடிப்பூண்டிப் பிள்ளை மாவட்டத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு வரணுமே?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஒருவர் கஷ்டத்தை எடுத்து இன்னொருவர் தலையில் வைப்பதற்கு நான் எழுதவில்லை.

அதனால்தான் சுழற்சி வேண்டும் என்கிறேன். முதல் வருஷம் ஆர்.கே.பேட்டை. அடுத்த வருஷம் கும்மிடிப்பூண்டி. அதற்கடுத்து ஊத்துக்கோட்டை, பொன்னேரி. எந்த ஊரில் வைத்தாலும் தூரத்துப் பிள்ளைகள் முதல் நாள் ராத்திரியே வந்து தங்க ஏற்பாடு இருக்க வேண்டும். பஸ் செலவு பிள்ளையின் அப்பா பையிலிருந்து போகக்கூடாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இத்தனை தொழிற்சாலைகள் இருக்கின்றன. சமூகப் பொறுப்பு நிதி என்று வருஷா வருஷம் ஒதுக்குகிறார்களே, அதில் நாலு பஸ்சுக்குக் கொடுத்தால் குறைந்தா போய்விடுவார்கள்?

நாளையும் பார்த்து வைக்க வேண்டும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழை. மைதானம் சேறாகும், தோலும் ஈரம் குடிக்கும். மார்ச்சில் பரீட்சை. பொங்கல் முடிந்த கையோடு நடத்தினால் வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

உள்ளூரில் தலை நிமிரணும்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

பறை எடுத்த பிள்ளையை நம் ஊர்கள் எப்படிப் பார்த்தன என்று எல்லோருக்கும் தெரியும். தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பறை உண்டு என்று கருப்பொருளில் வைத்திருக்கிறது. பின்னால் வந்தவர்கள் அதைச் சாவு வீட்டோடு கட்டிப்போட்டு, அடித்தவரைத் தெருவுக்கு வெளியே நிறுத்தினார்கள். இன்றைக்கும் பள்ளிக்கூடத்தில் பறை கற்கிற பையனைக் கேலி செய்கிற வாய்கள் இருக்கின்றன.

அந்தப் பையன் சென்னை போய் ஏ.சி. ஹாலில் கப் ஜெயித்து வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் யார் பார்த்தார்கள்? யாருமில்லை. கப் வீட்டு அலமாரிக்குள் போய்விடும். கேலி தெருவிலேயே இருக்கும்.

அதே பையன் தன் ஊர் மைதானத்தில், தன் ஊர்க் கடைக்காரரும் தறிக்காரரும் வாத்தியாரும் சுற்றி உட்கார்ந்து பார்க்க, வெளியூர் அணிகளோடு மோதி அடிக்கட்டும். கலெக்டர் எழுந்து நின்று கை தட்டட்டும். மறுநாள் அவன் தெருவில் நடக்கும்போது, "தம்பி, நேத்து பிரமாதம்ப்பா!" என்று டீக்கடையில் ஒரு குரல் கேட்கும். நேற்றுவரை கேலி செய்தவன் தன் பிள்ளையையும் கற்றுக்கொள்ள அனுப்புவான். இந்த மாற்றத்தை நேரு ஸ்டேடியத்தால் கொடுக்க முடியாது. சொந்த ஊர் மைதானத்தால்தான் முடியும்.

இதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். ஒரு பள்ளி மைதானம், ஒரு பந்தல், நல்ல சவுண்டு சர்வீஸ், பிள்ளைகளுக்குச் சூடான சாப்பாடு, பெண் பிள்ளைகளுக்குத் தனியாகக் கழிப்பறை, மைதானத்து ஓரமாக ஒரு கட்டு வைக்கோல். இவ்வளவுதான் செலவு!

கலெக்டரும் கல்வித்துறை அதிகாரிகளும் ஒருமுறை ஆர்.கே.பேட்டைக்கு பஸ்சில் வந்து மைதானத்தைப் பார்க்கட்டும். தோளில் ஒரு பறையை மாட்டிக்கொண்டு வந்தால் இன்னும் நல்லது. பிறகு அவர்களே முடிவு செய்யட்டும்.

வருவார்களா?