எதிரே இருப்பது கேசினோ

மூன்று சீட்டு போக்கர் பெயரில் மட்டுமே போக்கர். அசல் போக்கரில் ஆட்டக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் மோதுகிறார்கள். மேசை நடுவில் குவியும் பணம் அவர்களுடையது. ஆட்டத்தை நடத்துபவர் தம் கமிஷனை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவார். யார் ஜெயித்தாலும் அவருக்கு ஒன்றுதான். மூன்று சீட்டு போக்கரிலோ ஆட்டக்காரருக்கு எதிரே இருப்பது கேசினோவே. அவர் தோற்றால் அதற்கு வரவு. ஜெயித்தால் அதற்குச் செலவு. மங்காத்தாவில் சீட்டுப் போடுபவருக்கும் ‘உள்ளே, வெளியே’ என்று பணம் கட்டுபவருக்கும் உள்ள உறவே இங்கும் இருக்கிறது. கரீபியன் ஸ்டட், கேசினோ ஹோல்டெம் ஆகியவையும் இதே இனம். இணையத்தில் இவற்றுக்குப் போக்கர் என்ற பெயர் ஒரு மரியாதையைத் தேடித் தருகிறது. சட்டமும் அந்தப் பெயருக்கு இடம் கொடுத்துவிடுகிறது. அந்த இடத்தைக் கொடுக்கக் கூடாது. திரையில் ஓடும் இத்தகைய ஆட்டங்களுக்கும் ஒரு சுற்றுக்கு இவ்வளவுதான் கட்டலாம் என்ற உச்சவரம்பு வேண்டும். இந்த ஆட்டம் பிறந்த பிரிட்டனே அதை முதலில் செய்ய வேண்டும்.

ஆட்டம் எளிமையானது. ஆட்டக்காரர் முதலில் ‘ஆன்டி’ என்ற பந்தயத்தைக் கட்டுகிறார். அவருக்கு மூன்று சீட்டு, டீலருக்கு மூன்று சீட்டு. தம் சீட்டைப் பார்த்தபின், ஆன்டிக்குச் சமமான தொகையை மறுபடி கட்டி ஆட்டத்தைத் தொடரலாம். அல்லது ஆன்டியை விட்டுவிட்டு விலகலாம். டீலர் கையில் ராணியாவது இருந்தால்தான் அது தகுதியுள்ள கை. இல்லாவிட்டால் தொடர்ந்தவருக்கு ஆன்டிக்கு மட்டும் சமபணம் கிடைக்கும். இரண்டாவது பந்தயம் அப்படியே திரும்பும். ஏறக்குறைய பத்தில் மூன்று சுற்றுகளில் டீலரின் கை தகுதி பெறாது. அந்தச் சுற்றுகளிலும், தம் சீட்டு மோசமென்று முன்பே விலகியவரின் ஆன்டி போனது போனதுதான். கேசினோவின் ஆதாயம் ஊறுவது இங்கேதான்: ஆட்டக்காரர் எப்போதும் முதலில் முடிவெடுத்தாக வேண்டும்.

இதன் பக்கத்திலேயே ‘பேர் பிளஸ்’ என்றொரு தனிப் பந்தயம் உண்டு. டீலரின் சீட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆட்டக்காரருக்கு ஜோடியோ அதைவிட மேலானதோ வந்தால் பணம். கணக்கை யாரும் தாளில் போட்டுப் பார்க்கலாம். 52 சீட்டிலிருந்து மூன்றை 22,100 விதமாக எடுக்கலாம். அவற்றில் ஒரே இனத்தில் அடுத்தடுத்து வரும் மூன்று சீட்டு 48, ஒரே மதிப்புள்ள மூன்று 52, வரிசை 720, ஒரே இனம் 1,096, ஜோடி 3,744. மீதி 16,440 கைகளில் ஒன்றுமில்லை. நான்கில் மூன்று முறை வெறுங்கை என்று இதைச் சொல்லிவிடலாம். முறையே 40, 30, 6, 4, 1 மடங்கு கொடுக்கும் பழைய பட்டியலில் கேசினோவின் பங்கு 2.32 சதவீதம். ஒரே இனத்துக்குக் கொடுக்கும் 4 மடங்கை 3 ஆக்கினால், வேறெதையும் தொடாமலேயே, அது 7.28 சதவீதமாகிவிடுகிறது. பட்டியலில் ஒரு எண்தான் மாறியிருக்கிறது. ஆட்டக்காரர் செலுத்தும் விலை மூன்று மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. சீட்டும் விதியும் பெயரும் பழையவையே என்பதால், பட்டியலை ஒப்பிட்டுக் கணக்குப் போடாத எவர் கண்ணுக்கும் இது படாது. இன்று பல இடங்களில் நடைமுறையில் இருப்பது இந்த இரண்டாவது பட்டியல்தான்.

திறமைக்கு இதில் என்ன வேலை? ஆன்டி பந்தயத்தில் மிகச் சிறந்த வழி, ராணி-6-4 அல்லது அதற்கு மேல் வந்தால் தொடர்வது, இல்லையென்றால் விலகுவது. அப்படிப் பிசகில்லாமல் ஆடினாலும், நல்ல கைகளுக்கு ஆன்டியின் மேல் தரும் வழக்கமான போனஸ் பட்டியலில் ஆன்டியில் 3.37 சதவீதம் கேசினோவுக்குப் போகும். கட்டும் மொத்தப் பணத்தை வைத்துப் பார்த்தால் அது சுமார் 2 சதவீதம். ராணி இருந்தாலே தொடர்வது என்று மேலோட்டமாக ஆடினால் 3.45 சதவீதம். சீட்டைப் பார்க்காமலேயே எல்லாச் சுற்றிலும் தொடர்ந்தால் 7.65 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு ஆடுபவருக்கும் கரைகண்டவருக்கும் உள்ள தூரம் அவ்வளவுதான். இருவரும் நிற்பது நஷ்டத்தின் பக்கம். எவ்வளவு கற்றாலும் மறுபக்கம் போக வழியில்லை. அசல் போக்கரில் நன்றாக ஆடுபவர் காலப்போக்கில் மற்றவர்களிடமிருந்து சம்பாதிக்க முடியும். திறமை விளையாட்டு என்ற வாதத்துக்கு அங்கே வேர் இருக்கிறது. இங்கே அது இல்லை.

இணையத்தில் இந்த ஆட்டம் வேறொன்றாக மாறுவது வேகத்தினால். கேசினோ மேசையில் டீலர் சீட்டைக் கலைக்க வேண்டும், போட வேண்டும், ஒவ்வொருவருக்கும் பணத்தைத் தீர்க்க வேண்டும். திரையில் எண் உருவாக்கும் நிரல் ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய கட்டைக் கலைத்துக் கொடுத்துவிடுகிறது. ஆன்டிக்கு 10 பவுண்டு கட்டுபவர் ஒரு சுற்றில் சராசரியாக 34 பென்ஸ் இழக்கிறார். மேசையில் மணிக்கு 40 சுற்று என்று வைத்துக்கொண்டால் இழப்பு 13 பவுண்டு சொச்சம். திரையில் 300 சுற்று ஆடினால் 101 பவுண்டு. இது சராசரிக் கணக்கு; சிலர் லாபத்தோடு எழுந்திருப்பார்கள், சிலர் இரட்டிப்பாக இழப்பார்கள். ‘96.63 சதவீதம் திரும்பக் கிடைக்கும்’ என்ற அறிவிப்பு பொய்யில்லை. ஆனால் அந்தச் சதவீதம் ஒவ்வொரு பந்தயத்துக்கும் உரியது, பையில் கொண்டுவந்த பணத்துக்கு உரியதல்ல. 100 பவுண்டோடு உட்கார்ந்தவர் அதே பணத்தைத் திரும்பத் திரும்பச் சுழற்றுகிறார்; ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்சம் கழிகிறது. 300 சுற்றுக்குப் பின், கணக்குப்படி, கொண்டுவந்தது முழுதும் தீர்ந்திருக்கும். இதை உதவிப் பக்கத்தின் அடியில் சதவீதமாக எழுதினால் போதாது. ‘இந்தப் பந்தயத்தில், இந்த வேகத்தில், ஒரு மணி நேரத்தின் சராசரி இழப்பு இத்தனை பவுண்டு’ என்று ஆடும் திரையிலேயே எழுத வைக்க வேண்டும்.

பிரிட்டன் இந்த வழியில் பாதி தூரம் வந்திருக்கிறது. பந்தயக் கடைகளில் இருந்த இயந்திரங்களில் 20 வினாடிக்கு ஒருமுறை 100 பவுண்டு வரை கட்ட முடிந்த காலம் ஒன்று உண்டு. அவற்றை எதிர்த்து முன்னின்று பணம் செலவழித்துப் பிரசாரம் செய்தவர்களில் ஒருவர் டெரெக் வெப். 1994-ல் மூன்று சீட்டு போக்கரைக் கண்டுபிடித்தவரும் அவரே. கேசினோ மேசை ஆட்டத்தால் செல்வம் சேர்த்த ஒருவர், பெருந்தொகை ஆட்டம் தெருமுனைக் கடையின் திரைக்கு வந்தால் என்ன ஆகும் என்று எச்சரித்ததற்குத் தனி எடை உண்டு. வரம்பைத் தள்ளிப்போட அரசு முயன்றபோது, 2018 நவம்பரில் அமைச்சர் டிரேசி குரோச் பதவி விலகினார். 2019 ஏப்ரல் 1 முதல் உச்சவரம்பு 2 பவுண்டாகக் குறைந்தது. 2025 ஏப்ரலில் இணைய ஸ்லாட் ஆட்டங்களுக்கு ஒரு சுற்றுக்கு 5 பவுண்டு, மே மாதத்தில் 18 முதல் 24 வயதுள்ளோருக்கு 2 பவுண்டு என்று வரம்பு வந்தது. ஸ்லாட் அல்லாத கேசினோ ஆட்டங்களுக்கு, ஒரு சுற்று குறைந்தது 5 வினாடி நீடிக்க வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் வந்தது. பந்தயத் தொகைக்கு வரம்பு வரவில்லை.

ஸ்லாட்டுகளே அதிகக் கேடு விளைவிப்பவை, மேசை ஆட்டங்கள் அவ்வளவு அல்ல என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். அதை அப்படியே தள்ளிவிட முடியாது. யோசிக்காமல் சுழற்றும் ஸ்லாட்டைவிட, யோசித்துத் தொடரும் ஆட்டத்தில் ஒரு கணத் தயக்கத்துக்காவது இடமுண்டு. ஆனாலும் பந்தயக் கடை இயந்திரங்களில் பெரும்பாலும் ஆடப்பட்டது எது என்று பார்க்க வேண்டும். அது ரூலெட். 37 எண்களில் ஒன்றைக் கேசினோவுக்கு ஒதுக்கும், 2.7 சதவீதப் பங்குள்ள, பழைய மேசை ஆட்டம். அது திரைக்கு வந்தபோது கட்டுப்பாடு தேவை என்று அரசே ஒப்புக்கொண்டது. கடையில் இருந்த திரை இப்போது சட்டைப்பைக்கு வந்திருக்கிறது. கடைக்காவது இரவில் கதவடைக்கும் நேரம் இருந்தது. 5 வினாடி விதியும் ஒரு மணி நேரத்தில் 720 சுற்றுவரை தடுக்காது. வரம்பு வைத்தால் ஆட்டக்காரர்கள் உரிமமில்லாத வெளிநாட்டுத் தளங்களுக்குப் போவார்கள் என்ற அச்சம் நியாயமானது. அந்தத் தளங்களுக்குப் போகும் பணவழியை அடைப்பதே அதற்கு மருந்து. ஸ்லாட்டுக்கு வரம்பு வைத்தபோதும் இதே அச்சம் சொல்லப்பட்டது. அதற்காக அந்த வரம்பு கைவிடப்படவில்லை.

பெயரின் சிக்கல் தமிழ்நாட்டுக்கும் புதிதல்ல. 2022-ல் நிறைவேறி 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த இணையச் சூதாட்டத் தடைச் சட்டம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகளாகப் பட்டியலிட்டது. 2023 நவம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலை ரத்து செய்து, சட்டம் அதிர்ஷ்ட விளையாட்டுகளுக்குச் செல்லும் என்றது. அங்கே வழக்கில் இருந்தது மனிதரும் மனிதரும் ஆடும் போக்கர். கேசினோவை எதிர்த்து ஆடும் மூன்று சீட்டு போக்கருக்கு அந்தத் தீர்ப்பின் நிழல் சேராது. 2025 ஆகஸ்டு 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஒதுக்கிவிட்டுப் பணம் கட்டி ஆடும் எல்லா இணைய விளையாட்டையும் தடை செய்கிறது. தண்டனை நடத்துபவருக்கும் விளம்பரம் செய்பவருக்கும், ஆடுபவருக்கு அல்ல.

முழுத் தடையைத் தேர்ந்தெடுக்காத பிரிட்டனுக்கு, தான் ஏற்கெனவே வகுத்த கோட்டை நீட்டுவதே எஞ்சியிருக்கும் வேலை. ஸ்லாட்டுக்கு வைத்த 5 பவுண்டும் 2 பவுண்டும், திரையில் கேசினோவை எதிர்த்து ஆடும் சீட்டாட்டங்களுக்கும் அப்படியே பொருந்தும். ஆன்டி, தொடர் பந்தயம், பேர் பிளஸ் மூன்றையும் சேர்த்தே அந்தத் தொகையைக் கணக்கிட வேண்டும். தனித்தனியாகக் கணக்கிட்டால் 5 பவுண்டு வரம்பு முதல் நாளிலேயே 15 பவுண்டாகிவிடும்.