ஜெபம் வேறு, கும்பிடு வேறு!

"நாட்டை ஆளுகிறவர்களுக்காக ஜெபம் செய்வோம்" என்று ஆலயத்தில் போதகர் சொல்கிறார். எல்லோரும் தலை குனிகிறார்கள்.

ஆளுகிறவர் பிடித்தவராக இருந்தால் தொல்லை இல்லை. ஜெபம் தானாக வரும். பிடிக்காதவராக இருந்தால்? "அந்த ஆளுக்காகவா?" என்று மனம் முரண்டு பிடிக்கிறது.

இது புதிய சங்கடம் அல்ல. கிறிஸ்தவ மதம் தோன்றிய நாளிலேயே எழுந்த சங்கடம்.

நீரோவின் கொடுமை

அப்போது ரோமாபுரிச் சக்கரவர்த்திகள் ஆண்டார்கள். பிடிக்காவிட்டால் ஓட்டுப் போட்டு இறக்க முடியாது.

64-ஆம் ஆண்டில் ரோம் நகரம் பற்றி எரிந்தது. நீரோ சக்கரவர்த்தி அந்தப் பழியைக் கிறிஸ்தவர்கள் தலையில் போட்டான். பலரை உயிரோடு கொளுத்தினான்.

இப்படிப்பட்டவர்கள் ஆண்ட காலத்தில்தான் கிறிஸ்தவ வேதம் உருவாயிற்று. அதில், பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதம் என்ன சொல்கிறது? எல்லா மனிதர்களுக்காகவும் ஜெபிக்க வேண்டும். அரசர்களுக்காகவும் அதிகாரிகளுக்காகவும் ஜெபிக்க வேண்டும் என்கிறது. எதற்காக? மக்கள் அமைதியாக வாழ்வதற்காக!

"நல்ல அரசனுக்கு மட்டும்" என்று அதில் எழுதவில்லை.

கிழவரின் உறுதி

2-ஆம் நூற்றாண்டில் சிமிர்னா நகரில் போலிகார்ப் என்ற பிஷப் இருந்தார். இன்று துருக்கி நாட்டில் இஸ்மிர் என்று அழைக்கப்படும் ஊர்தான் அது. பிலிப்பி நகரத்துச் சபைக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். அரசர்களுக்காக ஜெபியுங்கள், உங்களைத் துன்புறுத்துகிறவர்களுக்காகவும் ஜெபியுங்கள் என்று அதில் சொன்னார்.

சொன்னபடி நடக்கிறாரா என்று பார்க்க, அவருக்கே சோதனை வந்தது.

ஒரு நாள் இரவு, ஊருக்கு வெளியே பண்ணை வீட்டில் தங்கியிருந்த அவரைப் பிடிக்கக் காவலர்கள் வந்தார்கள். கிழவர் ஓடவில்லை. வந்தவர்களுக்குச் சாப்பாடு போடச் சொன்னார். ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்டார். நின்றபடியே இரண்டு மணி நேரம் ஜெபித்தார். தாம் அறிந்த பெரியவர், சிறியவர் எல்லோரையும் அதில் நினைத்துக்கொண்டார். பிடிக்க வந்தவர்களில் சிலரே, "இந்தப் பெரியவரையா பிடிக்க வந்தோம்?" என்று வருந்தினார்கள்.

வண்டியில் போகும்போது அதிகாரிகள் ஆசை காட்டினார்கள். சக்கரவர்த்தியை ஆண்டவர் என்று சொல்லித் தூபம் போட்டால் உயிர் பிழைக்கலாம் என்றார்கள்.

கிழவர் மறுத்துவிட்டார். 86 ஆண்டுகள் கிறிஸ்துவுக்கு ஊழியம் செய்த பிறகு அவரை எப்படிப் பழிப்பது என்று கவர்னரிடம் கேட்டார். அதே நேரத்தில், ஆட்சியாளர்களுக்கு உரிய மரியாதையைக் கொடுக்கக் கற்றிருக்கிறோம் என்றும் சொன்னார்.

நெருப்பு மூட்டினார்கள். கடைசியில் கத்தியால் குத்திக் கொன்றார்கள். சிமிர்னா சபையார் எழுதிய கடிதத்தில் இந்தச் செய்தி இருக்கிறது.

என்ன வேறுபாடு?

அரசர்களுக்காக ஜெபிக்கச் சொன்ன அதே மனிதர், அரசனைக் கும்பிட மறுத்தார். இதில் முரண்பாடு இல்லை. கடவுளுக்காக யாராவது ஜெபிப்பார்களா? மனிதனுக்காகத்தான் ஜெபிப்பார்கள். "அரசனுக்காக ஜெபிக்கிறேன்" என்றாலே, "அரசனும் மனிதன்தான், அவனுக்கும் மேலே ஒருவர் இருக்கிறார்" என்று பொருள்.

சுமார் 197-ஆம் ஆண்டில், கார்த்தேஜ் நகரத்து தெர்த்துல்லியன் இதை வெளிப்படையாக எழுதினார். சக்கரவர்த்தியின் நீண்ட ஆயுளுக்காகவும் உலக அமைதிக்காகவும் கிறிஸ்தவர்கள் ஜெபிக்கிறார்கள்; ஆனால் அவரைக் கடவுள் என்று அழைக்கமாட்டார்கள் என்றார்.

கத்தோலிக்க ஆலயங்களில் இன்றும் பெரிய வெள்ளியன்று ஆட்சிப் பொறுப்பில் இருப்பவர்களுக்காகத் தனி மன்றாட்டு உண்டு. அதில் கட்சியின் பெயர் இல்லை.

இன்றைய கடமை

தலைவருக்காக ஜெபிப்பது அவருக்குத் துதி பாடுவது அல்ல. அவர் தவறு செய்தால் தவறு என்று சொல்ல வேண்டும். தேர்தல் வந்தால் யோசித்து ஓட்டுப் போட வேண்டும். ஜெபித்துவிட்டோம் என்று சும்மா இருப்பதும் சரியல்ல. ஏசிவிட்டோம் என்று ஜெபிக்காமல் இருப்பதும் சரியல்ல.

தலைவருக்கு நல்ல புத்தி வந்தால் யாருக்கு லாபம்? ஏழையின் அடுப்பு எரியும். ஊரில் சண்டை குறையும்.

பிடித்த தலைவருக்காக யாரும் ஜெபிப்பார்கள். பிடிக்காதவர் பெயரையும் இன்று ஜெபத்தில் சேர்த்துச் சொல்லட்டும். கிறிஸ்தவரின் கடமை அங்கேதான் தொடங்குகிறது!