உழைச்ச உடம்பும் பழக்கின உடம்பும்

ரொம்ப நாளாச்சு பதிவு போட்டு. ஆபீஸ்ல ஆணி அதிகம், மன்னிச்சுக்கோங்க மக்களே.

போன மாசம் நாலு பேரா ஏலகிரி போயிருந்தோம். பொன்னேரியிலிருந்து மேலே ஏறுற 14 கொண்டை ஊசி வளைவுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பேரா வச்சிருப்பாங்க. அதைப் படிச்சுக்கிட்டே கார்ல போறது சுகம்தான். பிரச்சினை மறுநாள் காலையில மங்களம் கிராமத்துலேர்ந்து சுவாமிமலைக்கு நடந்து ஏறினப்போ ஆரம்பிச்சது. உச்சி கிட்டத்தட்ட 4,338 அடி. பெரிய மலைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

கூட வந்த நண்பன் ஜிம்மே கதின்னு இருக்கிறவன். கை ஒவ்வொண்ணும் என் தொடை அளவு இருக்கும். பாதி வழியில பாறை மேல உக்காந்துட்டான், மூச்சு வாங்குது. வாரத்துக்கு 30 கிலோமீட்டர் ஓடுற நான் அவனைக் கிண்டல் பண்ணிக்கிட்டே மேலே போயிட்டேன். இறங்கும்போதுதான் சாமி கணக்கை நேர் பண்ணுச்சு. முக்கால்வாசி இறங்குறதுக்குள்ள தொடை ரெண்டும் நடுங்குது, முழங்கால் கேக்க மாட்டேங்குது. அடுத்த ரெண்டு நாள் சென்னையில மாடிப்படி இறங்க கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கிட்டேன். அப்ப சிரிச்சது அவன் :-)

காரணம் ரொம்ப எளிசு. ஏறுறதுக்கு இதயமும் நுரையீரலும் வேணும். இறங்குறதுக்கு பிரேக் வேணும். ஒவ்வொரு படியிலயும் தொடையின் முன்பக்கத் தசை நீண்டுக்கிட்டே நம்ம எடையைத் தாங்கி நிறுத்துது. பழக்கமில்லாத தசைக்கு அதுதான் ரொம்ப சேதம். வலியும் உடனே வராது, ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சுத்தான் உச்சத்துக்குப் போகும். சமதரையில ஓடி ஓடி நான் பழக்கினது பெரும்பாலும் எஞ்சினை மட்டும். அவன் பழக்கினது கண்ணாடியில தெரியுற பாகத்தை மட்டும்.

திரும்பி வரும்போது வாணியம்பாடியில பெரியப்பா வீட்டுக்குப் போனோம். கதையைக் கேட்டதும் அவர் சொன்னது, உங்க வீட்டுலயும் யாராவது சொல்லியிருப்பாங்க: "நாங்கல்லாம் ஜிம்முக்கா போனோம்? உழைச்சோம், உடம்பு இரும்பா இருந்துச்சு."

இந்தப் பதிவே அந்த ஒரு வரிக்காகத்தான். பெரியப்பா முப்பது வருஷம் டேனரியில வேலை பார்த்தவர். ஊறின தோலை டிரம்மிலேருந்து இழுத்து, குனிஞ்சு, தூக்கிப் போடுற வேலை. இன்னிக்கு தரையில உக்காந்தா எழுந்திரிக்க ஒரு கை வேணும். இடுப்புக்கு பெல்ட் கட்டியிருக்கார். இரும்பு எங்கே போச்சு?

உழைப்பு வேற, பயிற்சி வேற. டேனரியில தோலோட எடையை பெரியப்பா முடிவு பண்ணல. எத்தனை தடவை தூக்கணும், எப்ப நிறுத்தணும், வலிச்சா நாளைக்கு ஓய்வு எடுக்கலாமா, எதுவும் அவர் கையில இல்லை. எப்பவும் அதே பக்கம், அதே குனியல். 2018ல பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசின்ல வந்த ஒரு தொகுப்பாய்வுல, வேலையில கடும் உடலுழைப்பு செய்ற ஆண்களுக்கு சீக்கிரம் இறந்து போற அபாயம் 18 சதவீதம் அதிகமா இருந்துச்சு. (பெண்கள்ல அப்படித் தெரியல.) ஓய்வு நேரத்துல செய்ற உடற்பயிற்சியோ நேர் எதிரா ஆயுளைக் கூட்டுது. அதே வேர்வைதான், விளைவு தலைகீழ்.

இதுக்கு உதாரணம் தேடி ரஷ்யா போக வேண்டாம். வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்துல 77 கிலோ பிரிவுல மொத்தம் 328 கிலோ தூக்கி தங்கம் வாங்கினார். 2018 கோல்ட் கோஸ்ட்ல 317 கிலோ, மறுபடி தங்கம். டேனரியில தூக்குறதும் எடைதான், அவர் தூக்கினதும் எடைதான். ஆனா பளுதூக்குறவங்களுக்கு கனமான நாள், லேசான நாள், ஓய்வு நாள்னு கணக்கு உண்டு. எடையைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்துவாங்க. நம்ம பக்கத்துலயே இப்படி ஒரு பாரம்பரியத்தை வச்சுக்கிட்டு, வெயிட் தூக்கினா 'பாடி பில்டர்'னு மட்டும் நினைக்கிறோமே, அதுதான் எனக்கு ஆத்தாமை.

பொட்டி தட்டுற நமக்கு தங்கமெல்லாம் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்னதே போதும்: வாரத்துக்கு 150லேர்ந்து 300 நிமிஷம் மிதமான நடை மாதிரி ஏதாவது, அதோட ரெண்டு நாளாவது எல்லாப் பெரிய தசைகளுக்கும் பலப் பயிற்சி. அந்த ரெண்டாவது பாதியை நம்மள்ல முக்கால்வாசிப் பேர் தொடறதே இல்ல. நான் இப்போ ஓட்டத்தைக் குறைச்சுட்டு, ரெண்டு நாள் குந்தி எழுறது, தரையிலேருந்து எடை தூக்குறது, ரெண்டு கையிலயும் தண்ணி கேன் பிடிச்சு நடக்குறதுன்னு செய்றேன். கூடவே ஒரு படிக்கட்டுல நின்னு, ஒத்தைக் கால்ல மெதுவா கீழே இறங்கிப் பழகுறேன். நாலு எண்ணுற வரைக்கும் இறங்கணும். செஞ்சு பாருங்க, பல்லைக் கடிப்பீங்க.

நண்பனுக்கும் வேலை கொடுத்தாச்சு, பைசெப்ஸ் நாளை எடுத்துட்டு மேம்பாலம் ஏறி ஏறி இறங்கணும்.

பெரியப்பாவுக்கு, டாக்டர் சரின்னு சொன்னப்புறம், நாற்காலியிலேருந்து கை ஊணாம எழுந்து உக்காரச் சொல்லிக் கொடுத்தேன். முதல் நாள் ரெண்டுதான் முடிஞ்சது. "இது என்னடா வேலை"ன்னு திட்டினார். போன ஞாயித்துக்கிழமை அவரே போன் பண்ணி, "டேய், இன்னிக்கு ஆறு" அப்படின்னார்.

டிஸ்கி: நான் கோச் இல்லை, டாக்டரும் இல்லை. முட்டி வீங்கியிருந்தா என் பதிவைப் படிச்சு குந்தி எழுந்திரிக்காதீங்க.