மார்பு முத்திரை யாருக்குச் சொந்தம்?

"காமிக்ஸுக்குள்ள அரசியலைக் கொண்டு வராதீங்க" என்கிறார்கள். அமெரிக்காவில் சூப்பர் ஹீரோ இதழ்கள் கடைக்கு வரும்போதெல்லாம் இந்தப் புலம்பலும் சேர்ந்தே வருகிறது. பேட்மேனை ஏழையாக்கிவிட்டார்கள், சூப்பர்மேனைக் கூலிக்காரன் மகனாக்கிவிட்டார்கள், ஷீ-ஹல்க்கைத் தீவுக்காரியாக்கிவிட்டார்கள் என்று ஒப்பாரி. அதை இங்கேயும் சிலர் ராகம் மாறாமல் பாடுகிறார்கள். இன்னொரு பக்கம் நம் தோழர்கள். "எம்.ஏ. தமிழ் படிச்சிட்டு, போராட்டத்துக்கெல்லாம் வந்துட்டு, இன்னும் பொம்மப் பொஸ்தகமா பாத்துக்கிட்டு இருக்கீங்க?" என்று சிரிக்கிறார்கள். முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸில் தொடங்கி இன்று ஆங்கில இதழ்களைத் தேடிப்பிடித்துப் படிப்பதுவரை நான் இதற்கு ரசிகன். ரசிகன் என்பதாலேயே இரண்டு தரப்போடும் எனக்குச் சண்டை இருக்கிறது.

முதலில் அரசியல் வேண்டாதவர்களுக்கு. சூப்பர்மேன் பிறந்தது 1938இல், 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில். படைத்தவர்கள் கிளீவ்லாந்து நகரத்து இளைஞர்கள் இரண்டு பேர்: ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர். இருவரும் புலம்பெயர்ந்து வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். வேலையில்லாத் திண்டாட்டம் ஊரையே உலுக்கிக்கொண்டிருந்த காலம். முதல் இதழிலேயே சூப்பர்மேன் பெண்டாட்டியை அடிக்கிறவனைப் பிடித்து உதைக்கிறான். மூன்றாம் இதழில் ஒரு சுரங்க முதலாளியிடம் போகிறான். பாதுகாப்பில்லாத சுரங்கத்தில் தொழிலாளி மாட்டிக்கொண்டு அடிபடுகிறான். முதலாளி வீட்டில் விருந்து நடக்கிறது. சூப்பர்மேன் சுரங்கத் தொழிலாளி வேஷம் போட்டுக்கொண்டு போய், விருந்துக்கு வந்த பணக்காரக் கூட்டத்தை முதலாளியோடு சேர்த்துச் சுரங்கத்துக்குள்ளேயே மாட்டவைக்கிறான். உள்ளே மூச்சுமுட்டும்போதுதான் அவர்களுக்குத் தொழிலாளியின் உயிர் என்றால் என்ன என்று உறைக்கிறது. அந்தச் சுரங்கத்துக்குள் அவன் மார்பில் எஸ் முத்திரை இல்லை. தொழிலாளியின் அழுக்குச் சட்டைதான் இருந்தது. ஆகவே ஐயா, அரசியலை யாரும் புதிதாகக் கொண்டு வரவில்லை. இருந்ததைக் கழுவித் துடைத்து, முதலாளிகளின் வங்கிக்குக் காவல் நிற்கிற போலீஸ்காரனாக அவனை ஆக்கியதுதான் பிறகு நடந்த வேலை. அதுவும் அரசியல்தான். உங்களுக்குப் பிடித்த அரசியல்.

இனி தோழர்களுக்கு. நாம் தமிழ் இலக்கியம் படித்தோம். காப்பியம் என்றால் தன்னேரில்லாத் தலைவன் வேண்டும் என்று தண்டியலங்காரம் இலக்கணம் வகுத்ததைப் படித்தோம். தொல்காப்பியம் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தியதையும் படித்தோம். வேலை செய்கிறவனுக்குக் காதல்கூட 'புறத்தில்'தான். யார் தலைவனாகலாம், யார் கூட்டத்தில் நிற்க வேண்டும் என்று தீர்மானிப்பது பழைய சங்கதி. அந்த இலக்கணம் ஏட்டில் மட்டுமா இருக்கிறது? இன்று உலகம் பூராவும் பிள்ளைகள் சட்டையில் போட்டுக்கொண்டு திரிகிற தன்னேரில்லாத் தலைவர்கள் இந்தச் சூப்பர் ஹீரோக்கள்தான். இவர்களைப் படிக்காமல் விட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

இப்போது இதழ்களுக்கு வருகிறேன். டிசி நிறுவனம் 2024 அக்டோபரில் 'அப்சல்யூட்' என்ற வரிசையைத் தொடங்கியது. பழைய நாயகர்களிடமிருந்து சொத்து, மாளிகை, குடும்பம் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு மிச்சம் என்ன என்று பார்ப்பதுதான் ஏற்பாடு. அதில் ஜேசன் ஆரன் எழுதி ரஃபா சாண்டோவல் வரைந்த 'அப்சல்யூட் சூப்பர்மேன்' நவம்பரில் வந்தது. படித்தபோது என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

பழைய கதையில் கிரிப்டான் கிரகத்தில் சூப்பர்மேனின் அப்பா ஜோர்-எல் பேர்பெற்ற விஞ்ஞானி, மேல்தட்டு ஆள். மார்பில் இருக்கும் எஸ் அவர்கள் குடும்பத்தின் முத்திரை என்று 1978இல் வந்த சினிமா சொன்னது. குலப்பெருமை. ஆரன் இதைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டார். இவருடைய கிரிப்டானில் உச்சியில் அறிவியல் குழு உட்கார்ந்திருக்கிறது. அடியில் உழைப்பாளர் குழு கிடக்கிறது. எல் குடும்பம் அந்த அடியில் இருக்கிறது. எஸ் என்பது அடியில் கிடக்கிறவர்கள் சுமக்கும் அடையாளம். கிரகத்தின் வயிற்றைத் தோண்டித் தோண்டியே அழித்த மேல்குழு, அழிவு வருவதை மறைத்துவிட்டுத் தான் மட்டும் தப்பிக்க வழி பார்க்கிறது. அங்கிருந்து பிழைத்து வந்த பிள்ளை பூமியில் பிரேசில் நாட்டுச் சுரங்கத்தில் தொழிலாளிகள் பக்கம் நிற்கிறான். எதிரில் லாசரஸ் என்ற கம்பெனியும் அதன் கூலிப்படையும். அவன் முதுகில் பறக்கிற சிவப்புப் போர்வை துணியில்லை, தூசி. தொழிலாளி மேலே படிந்த தூசியே கொடியாகப் பறக்கிறது. சும்மா சொல்லக் கூடாது, சாண்டோவல் அதை வரைந்திருக்கிற அழகே அழகு. இழிவென்று குத்திய முத்திரையை எடுத்து நெஞ்சில் பெருமையாகப் போட்டுக்கொள்வது நமக்குத் தெரிந்த கலகம். நொறுக்கப்பட்டவர் என்ற சொல்லையே நாம் பேராக வைத்துக்கொண்டவர்கள்தானே.

ஆனால் ரசித்ததோடு எழுந்துபோக முடியாது. ஆங்கில விமர்சகர்கள் சிலர் இந்தக் கிரிப்டானைச் சாதி அமைப்பு என்றே எழுதினார்கள். எங்களிடம் கேட்டிருக்கலாம். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே ஒருவருக்கு மேல் ஒருவராகப் பிரித்துவைத்தது என்று அம்பேத்கர் 1936இலேயே எழுதிவிட்டார். கிரிப்டானில் சுரங்கம் தோண்டுகிறவனுக்குக் கீழே இன்னொருத்தன் இல்லை. அடியில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரே கூட்டம். நம்மூரில் மிதிபடுகிறவனுக்கும் மிதிப்பதற்கு ஒருத்தனைக் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சாதியின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. அங்கே கூலி இருக்கிறது, சுரண்டல் இருக்கிறது. தண்ணீர்க் குடம் தொட்டால் தீட்டு என்பது இல்லை. யார் வீட்டில் யார் சாப்பிடக் கூடாது, யார் யாரைக் கட்டினால் வெட்டு விழும் என்பது இல்லை. வர்க்கத்தைக் காட்டிவிட்டு அதைச் சாதி என்று பேர்சொல்லிக் கடந்துபோவதற்கு நாம் தலையாட்ட வேண்டியதில்லை.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. நாயகன் கீழே இறங்கி வந்துவிட்டான், சரி. கீழே கிடந்தவன் எழுந்தானா? அந்தச் சுரங்கத் தொழிலாளிகளில் ஒருவர் பேர்கூட என் நினைவில் தங்கவில்லை. துப்பாக்கி நீளும்போது பயப்படுகிறார்கள், தூசி பறக்கும்போது அண்ணாந்து பார்க்கிறார்கள். மீட்பு என்பது இப்போதும் வானத்திலிருந்துதான் விழுகிறது. விழுகிறவன் கூலிக்காரன் மகன் என்பது மட்டுமே மாற்றம். தன்னேரில்லாத் தலைவனின் அப்பன் தொழிலை மாற்றினால் இலக்கணம் மாறிவிடுமா?

இதே வரிசையில் ஸ்காட் ஸ்னைடர் எழுதி நிக் டிராகோட்டா வரையும் 'அப்சல்யூட் பேட்மேன்' கொஞ்சம் தேவலை. இவன் கோடீஸ்வரன் இல்லை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார், செத்துவிட்டார். அம்மா உயிரோடு இருக்கிறார். மகன் படித்துப் பொறியாளர் ஆனவன். உடம்பு ஒரு சுவர் மாதிரி. மார்பில் இருக்கிற வௌவால் முத்திரையைக் கழற்றினால் அது கோடரித் தலை. முத்திரை கருவியாகிறது, எனக்குப் பிடித்த இடம் அது. பழைய கதைகளில் வில்லன்களாக வந்தவர்கள் பலர் இங்கே அவனோடு தெருவில் வளர்ந்த கூட்டாளிகள். ஏழைத் தெருவில் பிறந்தவனெல்லாம் குற்றவாளி, மாளிகையில் பிறந்தவன் மட்டும் நீதிமான் என்ற 85 வருஷத்துப் பழைய பொய்க்கு விழுந்த அடி இது. ஆனாலும் அடிப்பவன் ஒருவன், பார்ப்பவர்கள் பலர் என்பது மாறவில்லை.

மாறிய இடம் ஒன்று உண்டு. மார்வெல் நிறுவனம் 2024 ஜூனில் தொடங்கிய 'அல்டிமேட்ஸ்'. எழுத்து டெனிஸ் கேம்ப், ஓவியம் ஹுவான் ஃப்ரிகேரி. இதைப் பேச 1962க்குப் போக வேண்டும். அந்த வருஷம் வந்த ஹல்க் கதையில் புரூஸ் பேனர் என்ற விஞ்ஞானி காமா குண்டு செய்கிறான், சோதனையில் அவனே மாட்டி ராட்சசன் ஆகிறான். குண்டு செய்தவனுக்காக அறுபது வருஷம் நம்மை அழவைத்தார்கள். 1980இல் வந்த ஷீ-ஹல்க் அவனுடைய உறவுக்காரி, வக்கீல். அவன் ரத்தம் ஏற்றியதால் சக்தி வந்தது. சக்தியும் குடும்பச் சொத்து. அந்தக் குண்டு யார் தலைமேல் விழுந்தது என்று யாரும் கேட்கவில்லை. நிஜத்தில் அமெரிக்கா 1946 முதல் 1958 வரை மார்ஷல் தீவுகளில் 67 அணுகுண்டுகளை வெடித்தது. பிகினித் தீவின் மக்களை 1946இல் வெளியேற்றியது. 1954 மார்ச் 1 அன்று வெடித்த குண்டின் சாம்பல் ரோங்கெலாப் மக்கள் மேல் பனிபோலக் கொட்டியது. கேம்ப்பின் இதழில் ஷீ-ஹல்க், குண்டு சோதிக்கப்பட்ட அப்படியொரு தீவின் பெண். அவளுடைய பச்சை உடம்பு யாரும் கொடுத்த வரம் அல்ல. அவள் மக்கள்மேல் செய்த குற்றத்தின் சாட்சி. குண்டு செய்தவன் அங்கே ஆண்டை. அறுபது வருஷக் கதையாடல் முதுகெலும்பிலேயே உடைகிறது.

அதே கதையில் ஹாக்ஐ என்ற வில்லாளியும் இருக்கிறார். வழக்கமாக அது கிளிண்ட் பார்ட்டன் என்ற வெள்ளைக்காரர். இங்கே அவர் வேண்டாமென்று விட்ட வில்லையும் உடையையும் சார்லி ராம்சே எடுத்துக்கொள்கிறார். ராம்சே ஓக்லாலா லகோட்டா பழங்குடி. யாரும் தேர்ந்தெடுத்துப் பட்டம் கட்டவில்லை. எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான். இதைத்தான் நான் சூப்பர்மேனிடம் தேடிக் கிடைக்காமல் போனேன். இரங்கி இறங்கி வருகிற நாயகன் வேறு, பாதிக்கப்பட்டவர் தானே எழுந்து ஆயுதத்தைக் கையில் எடுப்பது வேறு. முன்னது கருணை, பின்னது அரசியல்.

இதையெல்லாம் எழுதிவிட்டு, முத்திரைக்குச் சொந்தக்காரன் யார் என்று கேட்காமல் போனால் அது பாதி நியாயம். சீகலும் ஷூஸ்டரும் சூப்பர்மேனை விற்ற விலை 130 டாலர். அதே முதல் இதழின் ஒரு பிரதி 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. படைத்தவர்கள் வழக்காடித் தோற்றார்கள், பேரும் அழிக்கப்பட்டது. ஷூஸ்டருக்குக் கண் மங்கிய பிறகு, 1975இல், ஊரறியப் போராடித்தான் ஆளுக்கு வருஷம் 20,000 டாலரும் இதழில் பேரும் கிடைத்தன. பேட்மேனை 1939இல் உருவாக்கியதில் பாதிக்குமேல் உழைத்த பில் ஃபிங்கர் 1974இல் பேரில்லாமலே செத்தார். 2015இல்தான் அவர் பேரைச் சேர்த்தார்கள். வேலை செய்தவன் ஒருத்தன், பேர் வாங்கியவன் ஒருத்தன், லாபம் எடுத்தவன் வேறொருத்தன். தொழிலாளி மார்பில் எஸ் என்று கதை விற்கிற கம்பெனி, தன் கதை செய்த தொழிலாளியை வைத்திருந்த லட்சணம் இது. கிரிப்டானின் மேல்குழுவைத் தேடி வேறு கிரகத்துக்குப் போக வேண்டியதில்லை.

கடைசியாக, எழுதுகிற, வரைகிற இளைய தோழர்களுக்கு. "நமக்கும் ஒரு சூப்பர் ஹீரோ வேணும்ணே" என்று சிலர் கேட்கிறீர்கள். தலித் சூப்பர்மேன் ஒருவனைச் செய்து அதே போர்வையைக் கட்டிவிடுவது கஷ்டமில்லை. நாளைக்கே ஒரு கம்பெனி அதைச் செய்து நமக்கே விற்கும். 2011இல் நவயானா வெளியிட்ட 'பீமாயணா' புத்தகத்தைப் பாருங்கள். துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் அம்பேத்கரின் வாழ்வைக் கோண்டு ஓவியத்தில் வரைந்தார்கள். கட்டம் கட்டி ஆட்களை அடைக்க மாட்டோம் என்று பக்கத்தையே திறந்துவிட்டார்கள். அங்கே யாரும் பறக்கவில்லை. தாகமெடுத்த ஒரு பிள்ளைக்குத் தண்ணீர் மறுக்கப்படுகிறது, அதிலிருந்து ஒரு போராட்டம் முளைக்கிறது. அதைப் படியுங்கள், 'அல்டிமேட்ஸ்' இதழையும் படியுங்கள். பிறகு பேனாவை எடுத்து, ஆரனின் சுரங்கத்தில் அண்ணாந்து பார்த்து நிற்கிறார்களே, அந்தப் பேரில்லாத ஆட்களில் ஒருவரை வரையுங்கள். முதலில் அவருக்கு ஒரு பேர் வையுங்கள்.