தாலி கட்டும் நேரத்துக்கு எந்த லென்ஸ்?

கோயில் மண்டபத்துக் கல்யாணம் கண்ணுக்கு நல்ல வெளிச்சமாகத்தான் தெரியும். குத்துவிளக்கு, மேடைக்கு மேலே மஞ்சள் விளக்கு, நடுவில் ஓமப்புகை. நம் கண் அதற்குப் பழகிக்கொள்கிறது, கேமரா பழகாது. கேமராவோடு பெட்டியில் வரும் 18-55 லென்ஸை முழுதாக இழுத்தால் பெரும்பாலும் எஃப் 5.6தான் கிடைக்கும். எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எண் குறையக் குறைய லென்ஸின் வாய் அகலமாகிறது, அவ்வளவுதான் கணக்கு.

கிள்ளானில் இருக்கும் என் சித்தி மகன் போன மாதம் போன் செய்தான். தங்கைக்குக் கல்யாணம். "அண்ணே, 85 எஃப் 1.8 வாங்கட்டுமா, 24-70 எஃப் 2.8 வாங்கட்டுமா?" வானொலியில் பேசுகிறவனுக்கு எல்லாக் கருவியும் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தின் நம்பிக்கை.

85 வேண்டாம் என்றேன். முகத்தை அழகாக எடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் அவனுடையது சிறிய சென்சார் கேமரா. இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் அரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலம்தான் படத்தில் அடங்கும். கெட்டிமேளம் கொட்டியதும் சொந்தக்காரர்கள் அட்சதையோடு எழுந்து முன்னால் வந்துவிடுவார்கள். பின்னால் நகர இடமேது? அதே இடத்தில் 35 லென்ஸ் என்றால் ஒன்றேகால் மீட்டருக்கு மேல் அடங்கும். மணமக்கள் இருவரும் வந்துவிடுவார்கள்.

24-70 எஃப் 2.8 தொழில்காரர்களின் லென்ஸ். மேடை முழுவதையும் எடுத்துவிட்டு, லென்ஸை மாற்றாமலே மணப்பெண்ணின் கண்ணுக்குப் போகலாம். அதன் விலை பல ஆயிரம் ரிங்கிட். ஒரு கல்யாணத்துக்காக வாங்குவது வீண். கோலாலம்பூரில் வார இறுதிக்கு வாடகைக்கு விடும் கடைகள் உண்டு. 35 எஃப் 1.8-ஐ வாங்கு, ஆசையாக இருந்தால் 24-70-ஐ வாடகைக்கு எடு என்றேன்.

"கடைக்காரர் கை நடுக்கம் தாங்கும் லென்ஸ்னு ஒண்ணு காட்டினாரு அண்ணே." அது நம் கை நடுங்குவதைத்தான் தாங்கும். தாலி முடியும் மாப்பிள்ளையின் கை அசைவதை அதனால் நிறுத்த முடியாது. அதற்கு ஷட்டர் வேகம்தான் வேண்டும், 1/100-க்குக் கீழே இறங்கக்கூடாது. ஐஎஸ்ஓ 3200-க்கு ஏறினால் ஏறட்டும். புள்ளி விழுந்த படத்தை ஆல்பத்தில் போடலாம், கலங்கிய படத்தை யாராலும் மீட்க முடியாது.

இன்னொன்று. எஃப் 1.8-இல் இரண்டு மீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் ஒரு சாண்தான். பெண்ணின் முகம் பளிச்சென்று இருக்கும், பின்னால் மூன்றாவது முடிச்சுப் போடும் நாத்தனார் புகையாகத் தெரிவார். நாளைக்கு அதுவே ஒரு குடும்பப் பஞ்சாயத்து. ஆகவே அந்த நேரத்துக்கு எஃப் 2.8.

எல்லாம் கேட்டுக்கொண்டான். பிறகு நான் ஒன்று கேட்டேன். "பொரி யாருடா போடறது?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை. சித்தப்பா தவறிப்போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்தப் பெண்ணுக்கு உடன்பிறந்தவன் இவன் ஒருவன்தான். ஓமத்தின் முன்னால் தங்கை கையில் பொரி அள்ளிப் போட வேண்டியவன் லென்ஸுக்குப் பின்னால் நின்றால், அந்தப் படத்தில் யார் இருப்பது?

முகூர்த்தத்துக்கு ஒரு தொழில்முறைப் படக்காரரைப் பேசிவிட்டார்கள். நலுங்கும் மருதாணி இரவும் இவன் பொறுப்பு. 35 லென்ஸ் வந்துவிட்டது. போன வாரம் மண்டபத்துக்கே போய்ச் சோதித்தான். மேடையில் புதிதாக மாட்டிய எல்இடி விளக்கில் படம் முழுக்கக் கோடு கோடாக விழுகிறதாம். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை 1/100-இல் வைத்ததும் கோடு போய்விட்டது. அந்த எண்ணை மட்டும் தாளில் எழுதி, கல்யாணத்துக்கு வரும் படக்காரருக்கும் அனுப்பியிருக்கிறான்.